பேஸ் டிரம் பதிவு: மைக் வாங்கும் முன் இடத்தைத் தீர்மானியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டிலேயே ஒலிப்பதிவுக்கூடம் அமைப்பது குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவரும் தொடரில், டிரம்ஸ் பதிவைப் பற்றிய பகுதியைப் படித்தேன். நாளிதழ் ஒன்று இத்தகைய பொருளுக்கு முழுப் பக்கம் ஒதுக்கியது பாராட்டத்தக்கது. ஆயினும் பேஸ் டிரம்மைப் பற்றி, அதாவது டிரம்மர்கள் ‘கிக்’ என்று சொல்லும், காலால் மிதித்து வாசிக்கும் பெரிய டிரம்மைப் பற்றி, அக்கட்டுரை கூறும் இரண்டு கருத்துகளோடு என்னால் உடன்பட இயலவில்லை. கிக் டிரம்முக்கென்றே விற்கப்படும் மைக் ஒன்றை வாங்கி, கேட்பவரை நோக்கிய முன்தோலில் உள்ள துளைக்குள் நுழைத்துவிட்டால் வேலை முடிந்தது என்பது முதலாவது. இன்னொரு மைக்கையும் சேர்த்துக்கொண்டால் ஒலியின் கனம் கூடும் என்பது இரண்டாவது. ஒலிப்பதிவைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், இவ்விரண்டையும் அப்படியே பின்பற்றும் இளைஞர்களின் பணம் வீணாகும் என்று கருதுவதால் இதை எழுதுகிறேன்.

கட்டுரையுடன் வெளியான அட்டவணை, மைக்குகளை விலை வரிசைப்படி அடுக்கி, எந்தத் தொகைக்கு எதை வாங்கலாம் என்று சொல்கிறது. மைக்கை எங்கே வைக்கப்போகிறோம் என்ற கேள்விக்கு அதில் இடமே இல்லை. என் அனுபவத்தில் தீர்மானங்களின் வரிசை இதற்கு நேர்மாறானது. டிரம்மின் ஒலி முதலில் சரியாக வேண்டும். அந்த ஒலியின் எந்தப் பகுதி பாட்டுக்குத் தேவை என்று பார்த்து, அது எந்த இடத்தில் நன்றாகக் கேட்கிறது என்பதைக் காதால் கண்டறிய வேண்டும். அந்த இடத்தில் நிற்கத் தகுதியான மைக் எது என்ற கேள்வி அதற்குப் பின்புதான் எழுகிறது.

பேஸ் டிரம்மின் ஒலி ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. பெடலின் முனையில் உள்ள ‘பீட்டர்’ என்னும் அடிகோல், டிரம்மரின் பக்கம் இருக்கும் பின்தோலில் மோதும்போது எழும் ‘டக்’ என்ற கூர்மையான ஒலி பெரும்பாலும் 2,500 முதல் 5,000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை அதிர்வுகள்) வரையிலான பகுதியில் இருக்கிறது. நெஞ்சில் உணரும் அடித்தள ஒலியோ, வழக்கமான 22 அங்குல டிரம்மில், அதன் சுருதிக்கு ஏற்ப ஏறக்குறைய 50 முதல் 80 ஹெர்ட்ஸ் வரை அமைகிறது. இரண்டுக்கும் நடுவே, 300 முதல் 400 ஹெர்ட்ஸ் அளவில், அட்டைப் பெட்டியைத் தட்டியது போன்ற ஓர் ஒலி எல்லா பேஸ் டிரம்மிலும் உண்டு. பெரும்பாலான பதிவுகள் கெடுவது இந்த நடுப்பகுதியால்தான். கிக் டிரம்முக்கென்று தனியாகத் தயாரிக்கப்படும் மைக்குகள் பலவும், இந்த நடுப்பகுதியைத் தாழ்த்தி, அடிப்பகுதியையும் 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியையும் உயர்த்திக் கொடுக்குமாறு வடிவமைக்கப்பட்டவை. ஏகேஜி டி112, ஷூர் பீட்டா 52ஏ, ஆடிக்ஸ் டி6 ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. சுருதி சேராத டிரம்மையும் ஓரளவு கேட்கும்படி காட்டிவிடும் என்பது அவற்றின் வசதி. நல்ல டிரம்மையும் அதே அச்சில் வார்த்துவிடும் என்பது குறை.

டிரம்மின் இரு தோல்களையும் சுருதி சேர்க்காமல், ஒலியை அடக்க உள்ளே வைக்கும் தலையணை எந்தத் தோலை எவ்வளவு தொடுகிறது என்று பாராமல் மைக்கை மாற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. தலையணை பின்தோலை லேசாகத் தொட்டால் ரீங்காரம் குறையும். அழுத்தித் தொட்டால் டிரம்மின் உயிரே போய்விடும். மிகச் சிலரே இதைச் சோதித்துப் பார்க்கிறார்கள். செலவில்லாத வேலை என்பதாலோ என்னவோ, யாரும் இதைப் பரிந்துரைப்பதும் இல்லை.

பேஸ் டிரம்முக்கு மிக அருகில் மைக்கை வைப்பது தொடக்கத்திலிருந்தே இருந்துவந்த வழக்கமும் அன்று. காற்றின் அழுத்தத்தால் மைக் பழுதாகிவிடும் என்று அஞ்சி, லண்டனில் ஈஎம்ஐ இசைத்தட்டு நிறுவனத்தின் ஸ்டுடியோக்களில் அவ்வாறு நெருக்கமாக வைப்பதற்குத் தடை இருந்தது. 1966இல் பீட்டில்ஸ் குழுவின் பதிவுகளின்போது இளம் ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமரிக் டிரம்முக்குள் ஒரு கம்பளிச் சட்டையைத் திணித்து, மைக்கைச் சில அங்குல நெருக்கத்துக்கு நகர்த்தினார். ராக் இசையில் பேஸ் டிரம்மின் ஒலி அதன்பின் எப்படி மாறியது என்பதை இசை கேட்பவர்கள் அறிவார்கள். அந்த மாற்றத்தில் புதிய மைக் எதற்கும் பங்கில்லை என்பதைத் தங்கள் கட்டுரையாளர் கவனிக்க வேண்டும். ஸ்டுடியோவில் ஏற்கெனவே இருந்த மைக் இடம் மாறியது. டிரம்முக்குள் துணி புகுந்தது.

இனி துளையின் வழியாக மைக்கை நுழைப்பதைப் பற்றிச் சொல்கிறேன். முன்தோலில் நடுவிலிருந்து விலகி, நான்கு அல்லது ஐந்து அங்குல விட்டத்தில் வெட்டப்படும் துளையே பரவலாகக் காணப்படுவது. பீட்டர் ஒவ்வொரு முறை மோதும்போதும் டிரம்முக்குள் அடைபட்ட காற்று அந்தத் துளையின் வழியாகத்தான் பீறிட்டு வெளியேறுகிறது. உள்ளங்கையை அதன் முன் நீட்டினால் யாரும் உணரலாம். மைக்கின் முகத்தைச் சரியாகத் துளையின் வாயில் நிறுத்தினால், அது டிரம்மின் அதிர்வை மட்டுமல்லாமல் இந்தக் காற்றோட்டத்தையும் பதிவு செய்கிறது. அது தரும் புஸ்ஸென்ற வீக்கத்தைக் கட்டுரையாளர் ‘கனம்’ என்று எடுத்துக்கொண்டிருக்கலாம். சிறிய ஸ்பீக்கரில் அது எடுபடாது. பெரிய ஸ்பீக்கரிலோ பாட்டின் அடிப்பகுதி முழுவதையும் குழப்பிவிடும். மைக்கை ஒன்று துளையைக் கடந்து உள்ளே கொண்டுசெல்ல வேண்டும், அல்லது துளையின் நேர்க்கோட்டிலிருந்து விலக்கி வெளியே நிறுத்த வேண்டும்.

உள்ளே கொண்டுசென்ற பின்பும் இடம் பல வகைப்படும். பின்தோலிலிருந்து ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டர் தொலைவில், பீட்டர் மோதும் புள்ளியை நேராகப் பார்க்குமாறு வைத்தால் ‘டக்’ ஒலி மேலோங்கும். அதே தொலைவில் மைக்கின் முகத்தை டிரம்மின் சட்டத்தை நோக்கிச் சற்றே திருப்பினால், அந்தக் கூர்மை தணிந்து தோலின் ஒலி முன்வரும். பின்னோக்கி இழுத்து டிரம்மின் நடுப்பகுதிக்குக் கொண்டுவந்தால் ஒலியின் பருமன் கூடும். சில டிரம்களில் நான் மேலே சொன்ன அட்டைப்பெட்டி ஒலியும் அங்கேதான் குடியிருக்கும். மைக்கை ஓர் அங்குலம் நகர்த்துவதால் வரும் மாற்றத்தை, ஒலியின் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் எவ்வளவு திருகினாலும் பெற முடிவதில்லை. டிரம்மர் ஒரே அடியைத் தொடர்ந்து வாசித்துக்கொண்டிருக்க, ஹெட்ஃபோன் அணிந்த ஒருவர் மைக்கைக் கையால் மெல்ல நகர்த்திக்கொண்டே கேட்பது சில நிமிட வேலை. அந்தச் சில நிமிடங்கள் பின்னர் மிக்ஸிங்கில் பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

இடம் முடிவானால் மைக்கின் தேர்வு பெருமளவு தானாகவே அமைந்துவிடும். டிரம்முக்குள் அழுத்தம் மிகக் கடுமையாக இருப்பதால் அங்கே காந்தத்தில் அசையும் கம்பிச்சுருளால் இயங்கும் டைனமிக் மைக்குகளே பாதுகாப்பானவை. 1953இல் வியன்னாவின் ஏகேஜி வெளியிட்ட டி12 தொடங்கி இன்றைய பீட்டா 52ஏ வரை இந்த வழியில் வந்தவையே. உள்ளே தலையணையின் மீது தட்டையாகக் கிடத்தி வைக்கும் ஷூர் பீட்டா 91ஏ போன்றவை, மின்னேற்றம் கொண்ட மெல்லிய சவ்வால் இயங்கும் கண்டென்சர் வகையைச் சேர்ந்தவை என்றாலும், இந்த அழுத்தத்தைத் தாங்கும்படி உருவாக்கப்பட்டவை. அவற்றுக்கு ஸ்டாண்டும் வேண்டாம், கூர்மையான ‘டக்’ ஒலியும் தெளிவாகக் கிடைக்கும். முன்தோலுக்கு வெளியே ஓரிரு அடி தள்ளி வைப்பதானால் பெரிய டயாஃப்ரம் (ஒலியைப் பெறும் சவ்வு) கொண்ட கண்டென்சர் மைக்கைப் பயன்படுத்தலாம். நாய்மான் யு47 ஃபெட் இந்த இடத்துக்குப் பெயர் பெற்றது. அதன் விலையை நினைத்து யாரும் மனம் தளர வேண்டாம். அழுத்தத்தைத் தாங்கும் அளவு போதுமானதாக இருந்து, பத்து டெசிபெல் குறைக்கும் பேட் விசையும் இருந்தால், எளிய கண்டென்சர் மைக்கும் அங்கே மதிப்பான வேலை செய்யும். துளையின் அருகே ரிப்பன் மைக்கை மட்டும் ஒருபோதும் கொண்டுபோகக் கூடாது. காற்றின் ஒரே வீச்சில் அதனுள் இருக்கும் மெல்லிய அலுமினியப் பட்டை இழுபட்டுவிடும்.

தொலைவுக்கும் மைக்கின் வகைக்கும் உள்ள இன்னோர் உறவைக் கட்டுரை முற்றிலும் விட்டுவிட்டது. கார்டியாய்டு போன்ற, ஒரு திசையை நோக்கிக் கேட்கும் மைக்குகள், ஒலி மூலத்தை நெருங்க நெருங்கத் தாழ்ந்த ஒலிகளை மிகைப்படுத்தும் இயல்புடையவை. ஆகவே அவற்றை ஐந்து சென்டிமீட்டரிலிருந்து பதினைந்து சென்டிமீட்டருக்கு நகர்த்தும்போது ‘டக்’ ஒலியோடு அடித்தள ஒலியின் அளவும் சேர்ந்தே மாறுகிறது. எது எதனால் மாறியது என்று புதியவர்களுக்குப் புரிவதில்லை. எலெக்ட்ரோ-வாய்ஸ் நிறுவனம் 1968இல் வெளியிட்ட ஆர்ஈ20, இந்த மிகைப்படுத்தலைப் பெரிதும் குறைக்கும்படி அமைந்தது. வானொலி அறிவிப்பாளர்களின் மைக்காகவே பலரும் அதை அறிந்திருந்தாலும், பேஸ் டிரம்முக்குப் பலர் அதை நாடுவதற்கு இந்தக் குணமும் ஒரு காரணம். எங்கே நகர்த்தினாலும் அடிப்பகுதி நிலையாக இருப்பதால், காதுக்கு வேலை எளிதாகிறது.

கட்டுரையின் இரண்டாவது கருத்துக்கு வருகிறேன். இரண்டு மைக்குகளைப் பயன்படுத்துவது தவறென்று நான் சொல்லவில்லை. நானும் பல பதிவுகளில் உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக வைக்கிறேன். ஆனால் இரண்டாவது மைக் முதல் மைக்கோடு கூடவும் செய்யும், கழியவும் செய்யும். எடுத்துக்காட்டாக, பீட்டர் இருக்கும் பக்கத்தில் பின்தோலுக்கு அருகே ஒரு மைக்கும், முன்தோலுக்கு வெளியே ஒரு மைக்கும் வைத்திருப்பதாகக் கொள்வோம். பீட்டர் மோதியதும் பின்தோல் உள்நோக்கிப் போகிறது. பீட்டர் பக்கத்து மைக்கிலிருந்து தோல் விலகிச் செல்கிறது. முன்னால் உள்ள மைக்கை நோக்கி அழுத்தம் வருகிறது. ஒன்றில் அலை கீழிறங்கித் தொடங்கும்போது மற்றொன்றில் மேலேறித் தொடங்குகிறது. இரண்டையும் அப்படியே சேர்த்தால் முதலில் மறைவது அடித்தள ஒலிதான். கனம் கூட வேண்டும் என்று சேர்த்த மைக் கனத்தைத் தின்றுவிடுகிறது. மைக்கின் ஒலியைப் பெருக்கும் ப்ரீ-ஆம்ப்பிலோ கணினியிலோ உள்ள, அலையைத் தலைகீழாக்கும் போலாரிட்டி விசையை ஒன்றில் மட்டும் திருப்பி, இரண்டையும் சம அளவில் ஒரே தடமாக (மோனோவில்) கேட்டு, எந்த நிலையில் அடிப்பகுதி தடித்து ஒலிக்கிறதோ அதை வைத்துக்கொள்வதே இதற்கான எளிய வழி.

போலாரிட்டி சரியான பின்பும் தொலைவால் வரும் தாமதம் எஞ்சுகிறது. ஒலி நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் செல்கிறது. நம் ஊர் வெயிலில், குளிர்சாதனம் இல்லாத அறையில் இன்னும் சில மீட்டர் கூடுதலாகவே செல்லும். கணக்குக்கு அது பெரிய வேறுபாடன்று. உள்ளே இருக்கும் மைக்குக்கும் வெளியே இருக்கும் மைக்குக்கும் இடையில் 60 சென்டிமீட்டர் இருந்தால், வெளி மைக்கை ஒலி 1.75 மில்லி நொடி தாமதமாக எட்டும். அந்தத் தொலைவு சரியாகப் பாதி அலைநீளமாக அமைவது 286 ஹெர்ட்ஸுக்கு. அங்கே ஒரு மைக்கில் அலை மேலேறும்போது மற்றதில் கீழிறங்குவதால் அந்தப் பகுதி மெலியும். பேஸ் டிரம்மில் 286 ஹெர்ட்ஸ் மெலிவது பெரும்பாலும் நன்மையே. அதே சமயம் 60 ஹெர்ட்ஸின் அலைநீளம் ஐந்து மீட்டருக்கும் மேற்பட்டது என்பதால் அடித்தள ஒலிக்கு இந்தத் தாமதம் பெரிய தீங்கு செய்வதில்லை. இரு இடங்களில் வைத்த இரு மைக்குகள் தற்செயலாக அழகாகச் சேர்வதன் காரணம் பல நேரங்களில் இதுதான்.

உலோகத் தட்டுகளான சிம்பல்களுக்கு மேலே தொங்கும் ஓவர்ஹெட் மைக்குகளும் பேஸ் டிரம்மைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றன என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அவை கிக் மைக்கைக் காட்டிலும் ஒன்றரை மீட்டர் கூடுதல் தொலைவில் இருந்தால் தாமதம் 4.4 மில்லி நொடி ஆகிறது. அப்போது 114 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதி பாதிக்கப்படும். கிக் டிரம்மின் குத்து இருக்கும் பகுதிக்கு இது மிக நெருக்கமானது. ஆகவே கிக் மைக்கைத் தனியாகக் கேட்டு அதன் ஒலியைத் தீர்மானிப்பது வீண். ஓவர்ஹெட்டுகளைத் திறந்து வைத்துக்கொண்டு, அவற்றோடு சேர்ந்து எப்படி ஒலிக்கிறது என்பதை மட்டுமே கணக்கில் கொள்ள வேண்டும். ஓவர்ஹெட்டில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுவது ஒரு தீர்வு. மைக்கைக் கொஞ்சம் நகர்த்துவது அதைவிடச் சிறந்த தீர்வு.

எந்த இசைக்குப் பதிவு செய்கிறோம் என்பதும் இடத்தை மாற்றும். இரட்டைப் பெடலில் நிமிடத்துக்கு 200 தட்டு வேகத்தில், ஒரு தட்டுக்கு நான்கு அடி விழும் மெட்டல் இசையில், அடுத்தடுத்த அடிகளுக்கு இடையே 75 மில்லி நொடி மட்டுமே உண்டு. அதற்குள் முந்தைய அடி அடங்காவிட்டால் எல்லாம் கூழாகிவிடும். தோலை நன்றாக அடக்கி, மைக்கைப் பீட்டருக்கு அருகில் வைப்பதைத் தவிர அங்கே வேறு வழியில்லை. ஜாஸ் இசையில் 18 அங்குல டிரம், துளையில்லாத முன்தோல், உயர்ந்த சுருதி ஆகியவை வழக்கம். உள்ளே நுழைய வழியே இல்லாததால் வெளியே ஓரடி தள்ளி நிற்கும் மைக்கே பொருத்தமானது. இன்னொரு முனையில், லெட் செப்பெலின் குழுவின் ஜான் பானம் வாசித்து 1971இல் வெளிவந்த ஒரு பதிவு இருக்கிறது. இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் உள்ள ஹெட்லி கிரேஞ்ச் மாளிகையின் முகப்புக் கூடத்தில் டிரம்ஸை நிறுத்தி, படிக்கட்டின் மேலிருந்து தொங்கவிட்ட இரண்டு பேயர் எம்160 ரிப்பன் மைக்குகளாலேயே அதைப் பிடித்தார் ஒலிப்பதிவாளர் ஆண்டி ஜான்ஸ். பேஸ் டிரம்முக்குத் தனி மைக் எதுவும் வைக்கப்படவில்லை. ஆயினும் அந்த பேஸ் டிரம்மின் ஒலி இன்றுவரை ஒலிப்பதிவாளர்களுக்கு ஓர் அளவுகோலாக இருக்கிறது.

அந்தக் கூடத்தை நினைத்து நம் வீட்டு அறையில் தொலைவு மைக் வைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை தேவை. தொடர் எழுதப்படுவது நம் ஊர் வாசகர்களுக்காக என்பதால், கட்டுரை இதைத்தான் முதலில் பேசியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில், பன்னிரண்டு அடிச் சுவர்களுக்கு இடையே 47 ஹெர்ட்ஸும், பத்து அடிச் சுவர்களுக்கு இடையே 56 ஹெர்ட்ஸும் தேங்கி நின்று ஒலிக்கும். கூரையும் பத்து அடி உயரம் என்றால் அதே 56 ஹெர்ட்ஸ் தரைக்கும் கூரைக்கும் இடையேயும் தேங்கி இன்னும் வலுக்கும். மூன்றும் பேஸ் டிரம்மின் அடித்தள ஒலி வாழும் இடத்திலேயே விழுகின்றன. மேலை நாட்டுப் புத்தகங்கள் கூறும் மரச்சட்ட வீடுகளில் இந்தத் தாழ்ந்த ஒலிகளில் ஒரு பகுதி மெல்லிய சுவர்கள் வழியாகக் கசிந்து வெளியேறிவிடும். செங்கல்லும் சிமெண்டுமாகக் கட்டிய நம் சுவர்கள் அவற்றைத் திருப்பியனுப்பும். சுவரில் ஒட்டும் மெல்லிய ஸ்பாஞ்சுப் பலகைகள் இந்த அலைநீளங்களைத் தொடுவதுகூட இல்லை. அறையின் சரி நடுவில் வைக்கும் மைக், இந்த முதல் நிலை அதிர்வுகளை ஏறக்குறைய கேட்பதே இல்லை. மூலையில் வைக்கும் மைக் அளவுக்கு மீறிக் கேட்கும். அதனால் சிறிய அறையில் நெருங்கிய மைக்கையே முதன்மையாக நம்புவது நல்லது. டிரம்மையும் வெளி மைக்கையும் சேர்த்துக் கனத்த போர்வையால் ஒரு கூடாரம் போல மூடிவிட்டால், சிம்பல்களின் கசிவும் குறையும்.

யமஹா என்எஸ்10 ஸ்பீக்கரின் வெள்ளைக் கூம்பைக் கழற்றி டிரம்முக்கு முன்னால் மைக்காக வைக்கும் பழக்கத்தைப் பற்றியும் கட்டுரை வியப்போடு குறிப்பிட்டிருந்தது. ஸ்பீக்கரும் டைனமிக் மைக்கும் ஒரே தத்துவத்தில் இயங்குவதால் அது வேலை செய்கிறது. கூம்பின் எடை காரணமாக உயர்ந்த ஒலிகளை அதனால் பின்தொடர முடிவதில்லை, தாழ்ந்தவற்றை மட்டுமே தருகிறது. யமஹாவே இதைச் சப்கிக் என்ற பெயரில் தயாரித்து விற்றதும் உண்டு. பழுதான ஸ்பீக்கர் கைவசம் இருப்பவர் செய்து பார்க்கலாம். இதற்கென்று நல்ல ஸ்பீக்கரை வாங்கி உடைப்பது அறிவுடைமையாகாது.

பதிவு செய்ததை எதில் கேட்டுச் சரிபார்ப்பது என்பதிலும் கட்டுரையிலிருந்து நான் வேறுபடுகிறேன். தாழ்ந்த ஒலிகளுக்கென்றே உள்ள சப்வூஃபர் ஸ்பீக்கரில் மட்டும் கேட்டு முடிவெடுக்கச் சொல்கிறது கட்டுரை. நம் பாட்டைக் கேட்பவர்களில் பெரும்பாலோர் கைபேசியில் கேட்கிறார்கள். அதன் ஸ்பீக்கரில் 60 ஹெர்ட்ஸ் வரவே வராது. அங்கே பேஸ் டிரம் இருக்கிறது என்று காட்டுவது பீட்டரின் ‘டக்’ ஒலி ஒன்றுதான். அதே பாட்டு டவுன் பஸ்ஸின் பின்னிருக்கைக்கு அடியில் உள்ள ஸ்பீக்கரில் ஒலிக்கும்போது அடிப்பகுதி மட்டுமே கேட்கும். இரண்டு இடத்திலும் நிற்க வேண்டுமானால், மைக்கை வைக்கும் நேரத்திலேயே இரண்டு வகை ஸ்பீக்கரிலும் கேட்டுப் பார்க்க வேண்டும். பதிவு முடிந்த பின் கேட்டுப் பயனில்லை.

தொடரின் அடுத்த பகுதி ஸ்நேர் டிரம்மைப் பற்றியது என்று அறிவித்திருக்கிறீர்கள். அதனுடன் வரும் அட்டவணையில், விலைக்குப் பக்கத்தில் ஒவ்வொரு மைக்கும் எவ்வளவு அழுத்தம் தாங்கும், எந்தத் திசையில் கேட்கும், எத்தனை சென்டிமீட்டரில் வைத்துச் சோதிக்கப்பட்டது என்ற மூன்று விவரங்களையும் சேர்க்குமாறு கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன். இடம் போதாதென்றால் விலையை எடுத்துவிட்டு அவற்றைப் போடலாம். விலை எந்தக் கடையில் கேட்டாலும் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
ஓர் ஒலிப்பதிவாளர்,
வடபழனி, சென்னை.